மகப்பேறு, மூட்டுவாத நோய்ப் பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயுள்ள என் தங்கைக்கு 31ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை இன்னும் இன்குபேட்டரில் இருக்கிறது. அந்த நோயில் குறைப்பிரசவ ஆபத்து கூடுதல் என்பது நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதன்று. உங்கள் இரு பிரிவுகளுக்கும் இடையில் அவள் அலைக்கழிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவள் கருவுற்றதும், மருந்துச் சீட்டில் நீல மையில் இருந்த, லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை மகப்பேறு பிரிவில் கறுப்பு மையால் அடித்துவிட்டார்கள். மூட்டுவாத நோய்ப் பிரிவில் கேட்டால், "பிரசவம் பார்ப்பவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்" என்றார்கள். லூபஸ் உள்ளவர்கள் கர்ப்பத்திலும் அம்மருந்தைத் தொடர வேண்டும் என்று அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது. இருந்தும், போகும் போதெல்லாம் அவள் நீட்டிய அந்தச் சீட்டை இரு பிரிவினரும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்களே தவிர, அடித்த வரியை மீண்டும் எழுத ஒரு பேனாவும் திறக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் மூட்டுகள் வீங்கின. சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாகச் சிறுநீரில் புரதம் தெரிந்தது. பின்னர் ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. மருந்து தொடர்ந்திருந்தால் குழந்தை நாள் நிறைந்து பிறந்திருக்கும் என்று நான் சாதிக்கவில்லை. அந்த வாய்ப்பை அவளுக்கு மறுத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே: லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயுள்ள கர்ப்பிணிகளை இரு பிரிவு மருத்துவர்களும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மருத்துவக் கோப்பை வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அறை கருவுறும் முன்பே திறந்திருக்க வேண்டும். இந்நோய்களுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், மைகோஃபீனோலேட் ஆகிய மருந்துகள் கருவுக்குத் தீங்கானவை, முன்கூட்டியே நிறுத்த வேண்டியவை. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின் கருவுறுவதே நல்லது. ஆனால் அம்மருந்துகளை எழுதித் தரும்போது, "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? கருவின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் இருந்தால் கருவின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16ஆம் வாரத்துக்குள் தொடங்க வேண்டும். இவற்றை நினைவில் வைப்பது யார் பொறுப்பு? கருப்பை ஒரு பிரிவுக்கு, மூட்டு மற்றொரு பிரிவுக்கு என்று பாகப்பிரிவினை செய்து முடித்தவர்கள், சிறுநீரகத்தையும் எவர் பெயருக்காவது எழுதி வைத்திருக்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அந்தக் கூட்டுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கும் நாளையும், அதன் பொறுப்பு மருத்துவர் யார் என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா