ஒற்றைக் காசு புதையல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் வயலில் பழைய வெள்ளிக்காசு கிடைத்தால் அரசு பறித்துக்கொள்ளும் என்று தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். தனிக் காசுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. 1996 புதையல் சட்டப்படி, 300 ஆண்டு கடந்த தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு சேர்ந்து கிடைத்தால்தான் புதையல். அதை 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் (ஆமாம், அவரிடம்தான்!). அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டாலும் வெகுமதி உண்டு. ஒற்றைக் காசு என்றால் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பேசி வைத்துக்கொள்வதுதான்.

நான் இங்கிலாந்தின் நாரிச் நகரில் நகை பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அண்மையில் ஒரு வாடிக்கையாளர், உலோகம் தேடும் கருவியோடு உழவு நிலத்தில் சுற்றியபோது கிடைத்த காசைக் கொண்டுவந்து, "பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுங்கள்" என்றார். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசர் ஆறாம் ஹென்றி காலத்து குரோட் என்ற வெள்ளிக்காசு, அதாவது நாலு பென்னி. அன்றைய கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய அவ்வளவுதான். நேராகப் பார்க்கும் அரசர் முகம், கழுத்தின் இருபுறமும் பொடி வளையம். பின்பக்கம் நீண்ட சிலுவை, மூலைக்கு மூன்று புள்ளி. தராசில் 3.2 கிராம்தான் நின்றது, 3.9 இருந்திருக்க வேண்டும். யாரோ அந்தக் காலத்திலேயே ஓரத்தைச் சுற்றிக் கத்தரித்து வெள்ளி திருடியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் கைவரிசை புதிதல்ல!

உள்வட்டத்தில் 'வில்லா கலிசியே' என்ற எழுத்து தெரிந்தது. கலே நகரத்து அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். இன்று பிரான்சில் இருக்கும் அந்தத் துறைமுகம் 1347 முதல் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. இங்கிலாந்துக் கம்பளி அங்கேதான் விலைபோனது; வாங்க வந்தவர்கள் கொடுத்த வெள்ளியை அங்கேயே காசாக அடித்தார்கள். பாலிஷ் சக்கரத்தில் வைத்திருந்தால் அந்த எழுத்தும் தேய்ந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும். முடியாது என்று சொல்லிவிட்டு, இப்படிக் கண்டெடுத்த பழம்பொருள்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் அனுப்பிவைத்தேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் இந்தப் பதிவுத் திட்டம் 1997இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை. எடை, படம், கிடைத்த இடம் எல்லாம் குறித்துக்கொண்டு காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஏலத்தில் எவ்வளவு போகும் என்பதை விட எந்த ஊர் வயலில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டும். கலே வெள்ளி எந்தெந்தச் சிற்றூர் வரை புழங்கியது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், விலையோடு காசு எந்த அக்கசாலையில் அடித்தது, பதிவானதா என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

– வாசகர், நாரிச்