கண்ணுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

போனில் பேசினால் வேறு ஏதாவது கேட்டுவிடுவேனோ என்றுதான் கடிதம் எழுதுகிறேன். கோபியிலிருந்து ஒரு பையன் வெள்ளிக்கிழமை மாஸ்கோ கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ. போன வருடம் பட்டது போதும்.

பரீட்சையைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

உன்னைச் சேர்த்துவிட வந்தபோது ஒரு நாள் மிச்சம் இருந்ததே, ட்ரெட்யகோவ் கேலரிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் வயல், ஒரு ஒல்லிப் பையன், மரத்தடியில் முகம் தெரியாத ஒரு சாமியார். அந்தப் படத்தின் முன்னால் நீ அரை மணி நேரம் நின்றாய். ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இந்த மூன்று வாரமாகக் கடை சாத்திய பிறகு அந்தப் படம்தான் மனசில் நிற்கிறது. தம்பியிடம் சொன்னேன், அவன் தேடி எடுத்து இங்கிலீஷில் இருப்பதை எனக்குப் படித்துச் சொல்கிறான்.

வரைந்தவர் பெயர் மிகயீல் நெஸ்தெரோவ். 1862-ல் உஃபா என்ற ஊரில் பிறந்தவர். அவர் அப்பாவும் நம்மைப் போலத் துணி வியாபாரம்தான். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு, பிழைத்தது இவரும் கூடப் பிறந்தவள் ஒருத்தியும் மட்டும். குழந்தையில் இவரும் போய்விட்டார் என்றே நினைத்து, ஒரு மகானின் சிறிய படத்தை நெஞ்சின் மேல் வைத்தார்களாம், மூச்சு திரும்பியதாம். அப்படிப் பிழைத்த ஒரே பையனைக் கடையில் உட்கார வைக்காமல், 12 வயதில் மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினார் அந்த அப்பா. 1877-ல் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெரோவ் என்ற பெரிய ஓவியர்தான் வாத்தியார். எந்த வியாபாரி இதைச் செய்வான், சொல்லு. நான் செய்திருக்க மாட்டேன்.

ஆனாலும் அந்த அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ட்ரெட்யகோவ் உன் படத்தை வாங்கட்டும், அப்போது நீ ஓவியன் என்று ஒத்துக்கொள்கிறேன் என்று இருந்தார். ட்ரெட்யகோவும் ஒரு துணி வியாபாரிதான், ஆலை வைத்திருந்தவர். நீ போகும் அந்த கேலரி அவர் சேர்த்தது. 1889-ல் காட்டில் தனியாக நடக்கும் ஒரு வயதான துறவியின் படத்தை அவர் வாங்கினார். அப்போது நெஸ்தெரோவுக்கு 26 வயது. அத்தனை வருடம் ஒரு பிள்ளை அப்பாவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறான். தம்பி அந்த இடத்தைப் படித்தபோது, போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

நடுவில் நெஸ்தெரோவுக்கு நடந்தது கொஞ்சமில்லை. 1885-ல் பெற்றவர்கள் சம்மதமில்லாமல் கல்யாணம். அடுத்த வருடமே மகள் ஓல்கா பிறந்து, மனைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு வரைந்த படங்களில் திரும்பத் திரும்ப அவள் முகம்தான். அந்தத் துக்கம்தான் தன்னை ஓவியனாக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது நீ நின்ற படத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் பெயர் பர்த்தலோமேய். பிற்காலத்தில் ராதொனெஷ் செர்கேய் என்று ரஷ்யர்கள் கும்பிடுகிற மகான். சின்ன வயதில் அண்ணன் தம்பிக்கெல்லாம் எழுத்து வந்தது, இவனுக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. எல்லோரும் திட்டினார்கள். ஒரு நாள் அப்பா குதிரைகளைத் தேடி வரச் சொல்லி அனுப்ப, வழியில் ஓக் மரத்தடியில் ஒரு பெரியவரைப் பார்க்கிறான். குதிரை எங்கே என்று கேட்கவில்லை. எனக்குப் படிப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறான். அந்த நேரம்தான் படம். அந்த முகத்துக்கு நெஸ்தெரோவ் கிராமத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து, கடைசியில் நோயிலிருந்து எழுந்து வந்த, முடி கத்தரித்த, சுமார் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பார்த்து வரைந்தாராம். அதனால்தான் அந்தக் கண் அப்படி இருக்கிறது. உஃபாவில் அப்பா வீட்டில் வைத்து வரையும்போது தலைசுற்றி மேலிருந்து விழுந்ததில் படம் வரையும் துணி பாழாகி, புதுத் துணி வரவழைத்து மறுபடி வரைந்திருக்கிறார்.

மறுபடி வரைந்திருக்கிறார், கண்ணு. ஒரு தடவை பாழாகிவிட்டது என்றால் அதோடு முடிந்தது என்று இல்லை. நான் எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை.

1890-ல் கண்காட்சியில் வைத்தபோது, ஸ்தாசவ் போன்ற பெரிய விமர்சகர்களே ட்ரெட்யகோவிடம் போய், இதை வாங்கியது தப்பு, அந்த ஒளிவட்டமும் சாமியாரும் என்ன கூத்து என்று சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏற்கனவே வாங்கிவிட்டேன், வாங்காமல் இருந்திருந்தால் இப்போது வாங்குவேன் என்றாராம். பெற்றவன் என்றால் அப்படி நிற்க வேண்டும். போன வாரம் உன் தோழியின் அம்மா கடைக்கு வந்து ஏதோ சொன்னபோது நான் அப்படி நிற்கவில்லை. பில் போடும் சாக்கில் குனிந்துகொண்டேன். இத்தனை நாளாக பஜாரில் யார் கேட்டாலும், மகள் மாஸ்கோவில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று நிமிர்ந்து சொன்ன வாய்தான் இது. ஆனால் எங்களிடம் நேராகச் சொல்வதற்கு என்ன? நாங்கள் என்ன வேற்று ஆளா?

சரி, விடு. காதை மூடிக்கொண்டு போ. பணத்தைப் பற்றி யோசிக்காதே.

நெஸ்தெரோவ் அப்புறம் கீவ் நகரத்து விளாதிமிர் தேவாலயத்தில் வருடக்கணக்காகச் சுவர்ச் சித்திரம் வரைந்தார். மாஸ்கோவில் மார்த்தா மரியா மடத்துக் கோயிலும் அவர் வரைந்ததுதான், நேரம் கிடைத்தால் போய்ப் பார். புரட்சி வந்த பிறகு சாமி படங்களுக்கு இடம் இல்லை. வயதான மனுஷன், சேர்த்த பெயரெல்லாம் செல்லாமல் போன நிலையில், உட்கார்ந்து மனிதர்களை வரையத் தொடங்கினார். டாக்டர்களையும் வரைந்திருக்கிறார் என்று கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சர்ஜன் யூதினை வரைந்தார். உங்கள் பாடத்தில் வருகிற விஞ்ஞானி பாவ்லவை 1930-லும் 1935-லும் வரைந்தார். இரண்டாவது படத்தில் பாவ்லவ் இரண்டு முஷ்டியையும் மேஜை மேல் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே வீடுகள். முகத்தைவிட அந்தக் கைதான் பேசுகிறது. வரைந்தவருக்கு 73 வயது, உட்கார்ந்தவருக்கு 86. அந்தப் படத்துக்கு 1941-ல் ஸ்டாலின் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் கண்ணு, 1938-ல் அவர் மருமகனைப் பிடித்துப் போய்ச் சுட்டுவிட்டார்கள். இவரையும் சில நாள் சிறையில் வைத்தார்கள். ஓல்காவை முகாமுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்குப் பரிசு கொடுத்த அதே 1941-ல் அவள் ஊன்றுகோலோடு திரும்பி வந்தாள். அடுத்த வருடம் இவர் காலமானார். பரிசு வாங்கிய அன்று அவர் மனசு எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. நீ மூன்று வாரம் போன் எடுக்காததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பத்தாவது படிக்கும்போது உன் மூன்று படம் வரையும் நோட்டும் காணாமல் போனதே. தம்பிதான் கிழித்துக் கப்பல் விட்டான் என்று நீ இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் எடுக்கவில்லை. நான்தான் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். மார்க் குறைகிறதே என்கிற பயத்தில் செய்தேன். நீ பரண் மேல் ஏறித் தேடியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். தம்பியிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

போன மாதம் அம்மாயியின் பெட்டியைத் திறந்தோம். சேலைக்கு அடியில் உன் தாள் ஒன்று இருந்தது. நான் கட்டி வைத்த கட்டிலிருந்து அவர்தான் உருவியிருக்க வேண்டும், என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொச்சை உரிக்கும் அவருடைய கையை வரைந்திருக்கிறாய். அந்தக் கோணல் விரல்கூட அப்படியே இருக்கிறது. மடிக்க மனம் வரவில்லை. காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து ஒட்டி இதோடு அனுப்புகிறேன். பிரிக்கும்போது கத்தரிக்கோல் போடாதே, ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பு.

அப்பா