குதிரை வந்து சேர்ந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய மரக்குதிரை வந்து சேர்ந்தது. பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தோம், கடிதம் இல்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

குதிரை அழகாக இருக்கிறது. பிடரி மயிரை இழை இழையாகக் கீறியிருக்கிறாய். ஸ்கேல் வைத்தும் கோடு கோணலாகப் போடுகிற பிள்ளை! பின்னங்கால்கள் மட்டும் அவசரமாக வெட்டியதுபோலக் கரடுமுரடாக இருக்கின்றன. கை நன்றாகத்தானே இருக்கிறது?

அப்பா தாத்தாவின் பித்தளைக் குவளையை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அடியில் பொறித்த 1917 இன்னும் அழியவில்லை. என்ன பூவேலை இருந்தாலும் அது பீரங்கிக் குண்டின் உறைதானே. உள்ளே ஈயமோ கீலோ ஊற்றி இறுகவிட்டு, வெளியே உளி வைத்துத் தட்டுவார்கள். முதல் உலகப் போரில் இப்படி ஏராளமாகச் செய்தார்கள். பதுங்குகுழிக் கலை என்று பேர்தான், பலவும் போர்முனைக்குப் பின்னால் பட்டறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செய்தவை. வெடிக்காத குண்டைக் கழற்றப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. நீ மரத்தோடு நிறுத்திக்கொள். கீழே கிடக்கிற எதையும் எடுக்காதே.

வகுப்பில் நான் சொல்வேனே, இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் முகாம், 1797-இல் திறந்தது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கைதிகள் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சுத்தம் செய்து, சீவி, பாய்மரமும் பீரங்கியும் வைத்த கப்பல்களே செய்தார்கள். முகாம் வாசல் சந்தையில் விற்றுக் காசும் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரோடு சண்டை போட்டுப் பிடிபட்டு, 1900-இல் இலங்கையில் தியத்தலாவை முகாமுக்கு வந்த போயர் கைதிகளும் மரத்தில் என்னென்னவோ செதுக்கினார்கள். அவர்கள் கைதிகள், பொழுது போகவில்லை. உனக்கு இவ்வளவு செதுக்க நேரம் எப்படிக் கிடைத்தது? கிடைத்த நேரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஊர், வருஷம், படைப்பிரிவு என்று எதையாவது பொறித்து வைப்பது அந்தக் காலத்துச் சிப்பாய்களுக்கும் வழக்கம்தான். உன் குதிரையின் வயிற்றில் இரண்டு எழுத்து இருக்கிறது. ஒன்று உன்னுடையது. மற்றது யாருடையது என்று தங்கை கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். போன லீவில் உன்னோடு வந்து, ரசத்தை டம்ளரில் வாங்கி வாங்கிக் குடித்தானே, அந்தப் பிள்ளையைப் பற்றி நீ இப்போதெல்லாம் பேசுவதே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கீழே கிடக்கிற உறை, தோட்டா எதையும் தொடாதே. அவன் வீட்டு விலாசம் உன்னிடம் இருக்கும், அதை மட்டுமாவது எழுதி அனுப்பு. அவன் அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கத்தி மழுங்கியிருந்தால் சொல், அப்பா நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புகிறாராம். மரத்துக்கு மட்டும்.