யாரும் போகாத கட்டத்துக்கு ஏன் வெளிர்நீலம்?

கடற்பறவைப் பரவல் வரைபடம் தயாரிக்கும் கணினி மாடல் குழுக்களுக்கும், அந்த வரைபடத்தைப் பார்த்துக் கடல் திட்டங்களின் அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். கப்பல் மேல்தளத்தில் நின்று பறவை எண்ணுகிற ஆள் நான். நான் எண்ணிக் கொடுத்த தரவும் சேர்ந்த வரைபடம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். கடலைக் கட்டங்களாகப் பிரித்து நிறம் கொடுத்திருந்த அதில் மூன்று கட்டங்கள் வெளிர்நீலம், அதாவது பறவை கிட்டத்தட்ட இல்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் நாங்கள் போனதே கிடையாது. கேட்டுக் கேட்டு, கடைசியில் பதில் வந்தது: ஆமாம், யாரும் போகவில்லை, ஆழம், கடல்மட்ட வெப்பம், கூடு கட்டும் தீவிலிருந்து உள்ள தூரம் இதையெல்லாம் வைத்து மாடல் கணித்த எண்ணாம்.

கணிப்பது தப்பில்லை, கடல் முழுக்கக் கப்பல் விட யாரிடமும் பணம் இல்லை. ஆனால் போய்ப் பார்த்து ஒன்றும் காணாத கட்டத்துக்கும் எட்டிக்கூடப் பார்க்காத கட்டத்துக்கும் ஒரே நிறமா?

போய்ப் பார்த்த கட்டத்திலேயே எவ்வளவு தவறுகிறது என்று சொல்கிறேன். 1984-இல் வெளியான முறையைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம்: கப்பலின் ஒரு பக்கம் 300 மீட்டர் அகலப் பட்டை, அதில் நீரில் மிதக்கும் பறவைகளைத் தூரம் வாரியாக 50, 100, 200, 300 மீட்டர் எனப் பிரித்துக் குறிப்பது. தள்ளிப்போகப் போகக் கண்ணுக்குத் தப்புவது கூடும், அதைப் பிற்பாடு கணக்கில் சரிசெய்யத்தான் இந்தப் பிரிவு. பறக்கிறவற்றை மட்டும் ஸ்நாப்ஷாட் மாதிரி, குறித்த நொடியில் பட்டைக்குள் இருப்பதை மட்டும் எண்ணுவோம். 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தில் கப்பல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் நகர்வதால் நிமிடத்துக்கு ஒரு ஸ்நாப்ஷாட். கடந்துபோகிற பறவையை எல்லாம் எண்ணினால், கப்பலைவிட வேகமாகப் பறப்பவை கடலில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏட்டில் ஏறிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றும். ஸ்கோட்டர் வாத்துக்கூட்டம் கப்பல் ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே எழுந்து போய்விடும், ஃபுல்மார் என்ற கடற்பறவையோ மீன்பிடிப் படகு என்று நினைத்துக்கொண்டு நம் பின்னாலேயே வரும். ரேசர்பில் மாதிரி முங்கி இரை தேடும் பறவைகள் நாம் கடக்கும் நேரம் நீருக்கடியில் இருந்தால் கணக்கிலேயே வராது. கப்பலின் பாதைக்கோட்டிலேயே இருப்பது எதுவும் தப்பாது என்ற உங்கள் சூத்திரத்தின் அனுமானம் அங்கேயே உடைகிறது. வெள்ளை நுரை எழும்பிவிட்டால் சின்னப் பறவைகளை மறந்துவிட வேண்டியதுதான். விமானத்திலிருந்து கேமராவில் எடுத்தால் பறவை மிரளுவது குறையும் என்பது உண்மை, ஆனால் முங்கினது முங்கினதுதான்.

காலியான கட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டேஞ்சர் தீவுகளே போதும். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் முனையில், கப்பல் அணுகக் கஷ்டமான இடம். செயற்கைக்கோள் படத்தில் எச்சக்கறை தெரிந்த பிறகுதான் ஆட்கள் போய் ட்ரோன் வைத்து எண்ணினார்கள். 2018-இல் வெளியான எண்ணிக்கை 7,51,527 ஜோடி அடேலி பென்குவின்கள்! அவை அன்று முளைத்தவை அல்ல, நாம்தான் போகவில்லை.

பழைய தரவு இன்னொரு தலைவலி. 2014-16 கடல் வெப்ப அலையில் அலாஸ்காவின் காமன் மர் பறவைகளில் ஏறக்குறைய பாதி, சுமார் 40 லட்சம், செத்துப்போயின. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பழக்கிய மாடல், வெப்பம் அவ்வளவு ஏறினால் என்ன ஆகும் என்று எதைப் பார்த்துக் கற்றிருக்கும்? வரைபடத்தின் மூலையில் தரவு எந்த ஆண்டு, எந்த மாதம் என்று போடுங்கள். பெரும்பாலும் அது கடல் அமைதியான மாதமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எங்களைக் கூட்டிப்போவதே அப்போதுதான்.

சரி, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. யாரும் போகாத கட்டத்துக்குக் கோடு போட்ட சாம்பல் நிறம் கொடுங்கள். எந்தக் கட்டத்தின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் நிச்சயமின்மை வரைபடத்தைப் பின்னிணைப்பில் தபால்தலை அளவுக்குச் சுருக்காமல், முதன்மை வரைபடத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் வையுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்களே, அந்த இரண்டாவது படம் இல்லாமல் கோப்பு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அந்த மூன்று கட்டங்களை அடுத்த பயணத்தின் பாதையில் சேர்த்தால் நான் வரத் தயார். அலை பெரிதாகி எண்ண முடியாமல் திரும்ப நேர்ந்தால் அதையும் எழுதித் தருகிறேன், தயவுசெய்து அதைப் பூஜ்யம் என்று பதியாதீர்கள்.