பித்தளை ஸ்னேர் பற்றியும் எழுதுங்களேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இசைப் பக்கத்தில் கிட்டார், பாடகர்கள் என்று எவ்வளவோ வருகிறது, டிரம்ஸ் என்றால் மட்டும் வாசிப்பவரின் வேகத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கருவியைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாமே, அதிலும் பழைய பித்தளை ஸ்னேர் டிரம் (கீழ்த்தோலை ஒட்டிக் கம்பிகள் கட்டிய சின்ன டிரம்) பற்றி.

அமெரிக்காவில் 1920-களில் லட்விக் நிறுவனம் செய்த 'பிளாக் பியூட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளை உடலுக்கு மேல் கருப்பு நிக்கல் பூச்சு, அதைக் கீறிப் பூவும் கொடியுமாக வேலைப்பாடு, கீறிய இடத்தில் மட்டும் உள்ளே இருக்கும் பித்தளை மஞ்சளாகத் தெரியும். அழகு சரி, சத்தம்? மர டிரம்மில் அடி சீக்கிரம் அடங்கிவிடும். பித்தளையில் அடி கூர்மையாக விழுந்த பிறகும் ஒரு ரீங்காரம் கொஞ்சம் நிற்கும், ஆனால் எஃகு மாதிரி காதைக் குத்தாது. குச்சியை மெதுவாக உருட்டினாலும் கீழ்த்தோலை ஒட்டிய கம்பிகள் உடனே பேசும், விளிம்போடு சேர்த்து ஓங்கி அடித்தால் மொத்த இசைக்குழுவையும் தாண்டிக் கேட்கும்.

பழசு என்பதாலேயே உசத்தி என்று சொல்ல வரவில்லை. வட்டம் கோணிய டிரம்மில் திருகுகளை எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சரியாக நிற்காது (விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்). அப்புறம், அந்தக் காலத்தில் போர்த்தியது கன்றுக்குட்டித் தோல், பிளாஸ்டிக் தோல் 1950-களின் கடைசியில்தான் பரவியது. ஆகவே பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்த இதத்துக்கான பெருமை முழுவதையும் பித்தளைக்கே கொடுப்பது நியாயமில்லை. பாலிஷ் போட்டுத் தேய்த்துக் கருப்புப் பூச்சையே எடுத்துவிடும் புண்ணியவான்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடலாம்.

இப்படிக்கு,
டிரம்ஸ் பிடித்த ஒரு வாசகர்