கேட்பு, வசூல், நிலுவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகராட்சி ஊழியர்களின் வேலையை மதிப்பெண் போட்டு அளக்க வேண்டும் என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அளக்கட்டும். ஆனால் இதுவரை எங்களை யாரும் அளக்கவே இல்லை என்று அவர் நினைப்பது தவறு. ஒரு நகராட்சியில் இருபத்தாறு ஆண்டுகள் சொத்து வரி வசூலித்து ஓய்வுபெற்றவன் நான். மாதந்தோறும் 'கேட்பு, வசூல், நிலுவை' பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆணையர் முன் நின்றிருக்கிறேன்.

கேட்பு என்றால் வார்டிலிருந்து வரவேண்டிய மொத்த வரி. அதில் எத்தனை சதவீதம் வசூலானது என்பதுதான் எங்கள் மதிப்பெண். குறைந்தவருக்கு மெமோ, கூடியவருக்குக் கூட்டத்தில் பாராட்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்பு 10 லட்சம், வசூல் 9 லட்சம் என்றால் எனக்கு 90 சதவீதம். வரிவிதிப்புக்கு வராமல் தப்பித்த ஒரு வணிக வளாகத்தைக் கண்டுபிடித்து நான் பதிவேட்டில் ஏற்றுகிறேன். கேட்பு 11 லட்சமாகிறது. உரிமையாளர் மேல்முறையீடு செய்துவிட்டுப் பணம் கட்டாமல் இருக்கிறார். என் சதவீதம் 82க்கு இறங்கிவிடும். அந்தக் கட்டடத்தைப் பார்த்தும் பாராமல் சைக்கிளை மிதித்துப் போயிருந்தால் 90 அப்படியே இருந்திருக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் கண்ணில் படும் புது மாடிகள் ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்த பிறகே ஏட்டில் ஏறும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் வேரூன்றியது. நானும் அப்படிச் செய்தவன்தான். அதில் லஞ்சம் ஏதும் இல்லை. மெமோவுக்குப் பயம், அவ்வளவுதான்.

இப்போது புகார்களைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். சென்ற மாதம் எங்கள் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று பதிவு செய்தேன். மூன்றாம் நாள், 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. விளக்கு எரியவில்லை. பொறுப்பானவரை விசாரித்தேன். கெடுவுக்குள் முடிக்காத புகார்கள் அவர் பெயரில் சிவப்பாகத் தெரியுமாம். "பல்பு வந்ததும் போட்டுவிடுகிறேன் சார், நீங்கள் இன்னொரு புகார் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார். கோபப்பட முடியவில்லை.

ஊழியர் கதை இப்படி என்றால், நகரங்களின் கதையும் விசித்திரமாகவே இருக்கிறது. 2021 மார்ச்சில் மத்திய அரசு இரண்டு பட்டியல்களை ஒன்றாக வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், வாழ்வதற்கு எளிதானது என்று பெங்களூரு முதலிடம் பெற்றது. சென்னைக்கு நான்காம் இடம். நூறு அளவீடுகளை வைத்துக் கணித்த நகராட்சிச் செயல்திறன் பட்டியலில் இந்தூர் முதலிடம் பிடிக்க, அதே பெங்களூரு 31வது இடத்தில் இருந்தது. நிர்வாகம் பின்தங்கினாலும் சுகமாக வாழ்ந்துகாட்டும் அந்த ஊர் மக்களுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்!

என் யோசனை பெரியதல்ல. புதிதாக வரிவிதிப்புக்குள் கொண்டுவந்த கட்டடங்களை முதலாண்டு சதவீதக் கணக்கில் சேர்க்காமல், தனிப் பத்தியில் காட்டி அதற்கும் மதிப்பெண் தரட்டும். புகாரை முடித்துவைக்கும் பொத்தான் புகார் கொடுத்தவர் கையில் இருக்கட்டும். பல்பு கையிருப்பில் இல்லை என்றால் அந்தச் சிவப்புக் குறி, விளக்குப் போடுபவர் பெயரில் விழாமல் பல்பு வாங்கித் தராதவர் பெயரில் விழட்டும். கிராம சபை போல, நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. தீர்க்கப்பட்டதாகச் சொல்லும் புகார்களைத் தெரு வாரியாக அங்கே வாசித்தால் அரை மணி நேரம் ஆகும். எங்கள் வார்டில் அதைக் கேட்டு இப்போதே மனு கொடுத்திருக்கிறேன். மனு பெற்றுக்கொள்ளப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரி வசூலிப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.