ஓடுகிறவனைச் சோளத்தோகை அறுக்கும்

தமிழில் ஆக்‌ஷன் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் ஸ்டன்ட் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் சங்ககிரிக்காரி. எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் நாலு டிரைவர் வீடு இருக்கும். என் அப்பா 26 வருஷம் லைன் வண்டி, அதாவது தொலைதூர லாரி, ஓட்டியவர். சாதாரண ஆள் ஒருவனைத் துரத்துகிற படம் எது வந்தாலும் அவரும் நானும் முதல் வாரமே போய்விடுவோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் படத்தில் ஓடுகிறவன் முதல் இருபது நிமிஷம்தான் எங்களில் ஒருவனாக இருக்கிறான். அப்புறம் ஒரு மழை, ஒரு சந்து, எதிரே பத்துப் பேர். அதற்குமேல் அவனை எங்களுக்கு அடையாளம் தெரிவதில்லை.

அப்பா ஒருமுறை அப்படி ஓடியிருக்கிறார். 2004 செப்டம்பர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகிற வழி. தாவணகெரே தாண்டி, பொழுது சாய்கிற நேரம். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு மொபெட் திடீரென்று மெயின் ரோட்டில் ஏறியது. அப்பா பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டார். வண்டி நிற்கவில்லை. இறங்கி அந்த ஆளைத் தூக்கப் போனவர், டீக்கடைப் பக்கமிருந்து பத்துப் பதினைந்து பேர் கட்டையோடு வருவதைப் பார்த்தார். "ஓடுங்கண்ணே" என்று கிளீனர் பையன் கத்தினான். ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்ற காலம். படத்தில் ஹீரோ சோளக்காட்டுக்குள் புகுந்தால் தோகைகள் விலகி வழிவிடும், கேமரா மேலேயிருந்து பார்க்கும். நிஜத்தில் தோகையின் விளிம்பு பிளேடு மாதிரி. கை, கழுத்து, காதுமடல் எல்லாவற்றையும் அறுக்கும். வியர்வை பட்டதும் எரியும். தோகை மேலிருக்கும் பொடி முடியான சுணை ஒட்டிக்கொண்டால் சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போகும். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. மற்றதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். ஏன் வீசி எறியவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "புதுச் செருப்பு கண்ணு" என்றார்.

ஓடியது கால் மணி நேரம்கூட இருக்காது. ஒளிந்திருந்தது இரண்டு இரவு, இரண்டு பகல். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் குடித்தார், பச்சைக் கதிரை மென்றார். வாயைத் திறந்தால் தமிழ் ஆள் என்று தெரிந்துவிடும் என்பதால் யாரிடமும் சோறு கேட்கவில்லை. எஸ்.டி.டி. பூத் உள்ளே டியூப்லைட் எரிய கண்ணாடிப் பெட்டி மாதிரி நின்றதாம். உள்ளே போகப் பயந்து, கடை சாத்துகிற நேரம்வரை எதிர்ப்பக்கம் இருட்டில் நின்றிருக்கிறார். அப்போதும் வீட்டுக்குப் பேசவில்லை, லாரி ஓனருக்குத்தான் பேசினார். ஓனர் முதலில் விசாரித்தது வண்டியைப் பற்றி. அப்பா ஸ்டேஷனில் ஆஜரான பிறகுதான் அம்மாவுக்கே விஷயம் தெரியும்.

"அடிக்க வந்தவனத் திருப்பி அடிக்கோணும்னு தோணவே இல்ல. அந்தாளு பொழச்சானா இல்லியாங்கறதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு" என்பார். அந்த ஆள் கால் உடைந்து பிழைத்துக்கொண்டார். கிளீனர் பையன்தான் கூட்டத்திடம் சிக்கிவிட்டான். முன்பல் இரண்டு போயிற்று. அந்தப் பையன் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பி வந்தார் அப்பா. பந்தியில் உட்கார முடியவில்லையாம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 134ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும், கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் தவிர, என்று இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கே அந்தக் கட்டைகள் கண்ணில் பட்டிருக்கின்றன. அதே பிரிவு, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அப்பா அதைச் செய்யவில்லை. தப்புதான், அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் பாருங்கள், பின்னால் கூட்டம், முன்னால் ஸ்டேஷன், கையில் 24 மணி நேரம்! ஒரு முழுப் படத்துக்கான கெடுவைச் சட்டமே குறித்துக் கொடுத்திருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், விபத்தில் ஆள் இறந்து, சொல்லாமல் ஓடிவிட்டால் 10 வருஷம்வரை சிறை என்று 106(2) உட்பிரிவு வந்தபோது, 2024 ஜனவரி தொடக்கத்தில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. அந்த ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இத்தனை நடந்தும் அந்த டிரைவர் நம் சினிமாவுக்குள் ஓடி வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. 1982இல் வந்த பூமணியின் 'வெக்கை'யில், கொலை செய்துவிட்ட 15 வயதுப் பையன் அப்பாவோடு எட்டு நாள் காடுமேடெல்லாம் திரிகிறான். எதைத் தின்பது, எங்கே படுப்பது என்பதிலேயே அந்த ஓட்டம் போகிறது. வெற்றிமாறன் அதை 2019இல் 'அசுரன்' ஆக்கினார். அதில் பையனின் அப்பாவாக வரும் சிவசாமி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற இடங்களில் என் அப்பா சீட் நுனிக்கு வந்துவிட்டார். சிவசாமி ஆயுதத்தை எடுத்ததும் தியேட்டரே விசிலடித்தது. என் அப்பா மட்டும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மிஷ்கின் 2013இல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுத்தார், ஒரு பாட்டுகூட இல்லாமல். அதில் மாட்டிக்கொள்ளும் மருத்துவ மாணவன் கடைசிவரை மாணவனாகவே இருக்கிறான்.

சண்டையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கும் சண்டை பிடிக்கும். ஸ்டன்ட் மாஸ்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடி வாங்கி விழுவதில் உங்கள் ஃபைட்டர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த விழுகிற வித்தையை ஹீரோவுக்கும் கொடுங்கள். ஒரு குத்து விட்டால் அவன் விரல் வீங்கட்டும், அடுத்த சீனில் அந்த விரலால் சட்டைப் பித்தான் போட முடியாமல் தவிக்கட்டும். இயக்குநர்களே, இடைவேளைக்குப் பிறகு அவனுக்கு ஒரு பழைய ஊரும் பழைய பெயரும் கொடுக்காதீர்கள். 'பாட்ஷா' வந்தது 1995இல். அதில் ஆட்டோக்காரருக்கு ஒரு பம்பாய் இருந்தது, அது அந்தக் கதைக்குப் பொருந்தியது. எல்லா ஆட்டோக்காரருக்கும் பம்பாய் இருக்காது. என் அப்பாவுக்கு சங்ககிரி மட்டும்தான்.

அப்பா இப்போது லைனுக்குப் போவதில்லை, ஒரு பட்டறையில் கணக்குப் பார்க்கிறார். கதை எழுதும்போது உங்கள் உதவி இயக்குநர் யாரையாவது அனுப்புங்கள். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். எங்கே ஆரம்பிப்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, முதலில் சுணையைப் பற்றித்தான் சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவரின் மகள்